அறுத்த வயல்ல அஞ்சு நாள்: சஃபோக் டிடெக்டிங் டைரி

வியாழன், ராத்திரி 10 மணி

காலைல எட்டு மணிக்கு இல்ஃபோர்டுல இருந்து கிளம்புனோம், நானும் மாப்ளையும். மாப்ளன்னா என் வீட்டுக்காரம்மாவோட தம்பி, மாஸ்டர்ஸ் படிக்க லண்டன் வந்து ஒரு வருஷம் ஆகுது, வந்த நாள்லேர்ந்து "மாமா, அடுத்த ராலிக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க மாமா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான், இந்தத் தடவை லீவும் சேர்ந்து வந்துச்சு. டிக்கியில ரெண்டு மெட்டல் டிடெக்டர், ரெண்டு ஸ்பேடு, ஒரு டென்ட், ஒரு பெரிய டப்பா நிறைய புளிசோறு. ஏ12 ரோட்டைப் பிடிச்சு செம்ஸ்ஃபோர்டு, கோல்செஸ்டர், இப்ஸ்விச்னு வரிசையா தாண்டி ரெண்டு மணி நேரத்துல சஃபோக் கவுன்டியில இருக்கற உட்பிரிட்ஜ் வந்தாச்சு.

ராலின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். அறுவடை முடிஞ்சு அடுத்த விதைப்புக்கு முன்னாடி இங்க வயல் கொஞ்ச நாள் சும்மா கிடக்கும், அந்த இடைவெளில ஒரு விவசாயி ரெண்டு மூணு நாளைக்கு நிலத்தை விடுவாரு, அமைப்பாளருங்க டிக்கெட் போடுவாங்க, எங்கெங்கேயோ இருந்து ஆளுங்க டிடெக்டரைத் தூக்கிட்டு வந்து வயலோரமா டென்ட் போட்டுத் தங்கி தேடுவாங்க. அமெரிக்காவுல வேற ஒரு வகையும் இருக்கு, மைதானத்துல 1965-க்கு முந்தின வெள்ளி டைம் காசை (பத்து சென்ட்) முன்னாடியே புதைச்சு வெச்சுட்டு விசில் அடிச்சதும் யார் அதிகம் எடுக்கறாங்கன்னு போட்டி. நான் வந்திருக்கறது அது இல்ல. இங்க யாரும் எதையும் புதைச்சு வைக்கல, மண்ணுல என்ன இருக்கோ அதுதான்.

நாளைக்குத்தான் ராலி செக்-இன். ஒரு நாள் முன்னாடியே வந்ததுக்குக் காரணம் சட்டன் ஹூ, பழைய ஆங்கிலோ-சாக்சன் ராஜாக்களைப் புதைச்ச மேடுங்க இருக்கற இடம். வயலுக்குப் போறதுக்கு முன்னாடி மாப்ள இதைப் பார்த்தே ஆகணும்னு எனக்குத் தோணுச்சு.

ஈடித் ப்ரிட்டிங்கற அம்மா தன்னோட நிலத்துல இருந்த மேடுங்களைத் தோண்டிப் பார்க்கணும்னு ஆசைப்பட்டாங்க, பேசில் ப்ரவுன்னு உள்ளூர் ஆள், பெரிய படிப்பெல்லாம் கிடையாது ஆனா மண்ணைப் பார்த்தாலே படிச்சுடுவாரு, அவர் 1938-ல ஆரம்பிச்சு 1939-ல பெரிய மேட்டைத் தோண்டுனாரு. தங்க பெல்ட் கொக்கி, ஹெல்மெட், வாள் எல்லாம் அப்புறம் வந்துச்சு, ஆனா முதல்ல கிடைச்சது துருப்பிடிச்ச இரும்பு ஆணி. கப்பல் பலகையைச் சேர்த்து அடிக்கற ஆணி. அதை அவர் பிடுங்கல. இருந்த இடத்துலயே விட்டுட்டு பக்கத்துல மண்ணை மெதுவா சுரண்டுனா இன்னொரு ஆணி, அப்புறம் இன்னொண்ணு, வரிசை வரிசையா. மரம் மொத்தமும் 1300 வருஷத்துல மக்கிப் போயிருக்கு, ஒரு துண்டு கூட மிச்சமில்ல, மணல்ல அதோட அச்சும் இந்த ஆணிங்களும் மட்டும்தான். ஆணிங்க இருந்த இடத்தை வெச்சே 27 மீட்டர் நீளக் கப்பல் முழுசா கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு.

மேட்டுக்குப் பக்கத்துல நின்னு மாப்ளகிட்ட இதைத்தான் சொன்னேன், அந்த ஆணியை எல்லாம் ஒரு வாளியில போட்டிருந்தா பழைய இரும்பு ஒரு வாளி, அவ்வளவுதான், கப்பலே இல்ல. அவன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "அப்ப நாளைக்கு எல்லாத்துக்கும் இடம் குறிச்சு வைக்கணுமா மாமா"ன்னு கேட்டான். ஆமான்னேன்.

வெள்ளி, ராத்திரி 9:30, டென்ட்டுக்குள்ள

காலைல ஒரு மணி நேரம் வடக்கால ஓட்டிக்கிட்டு ஹாக்ஸன் போனோம். எழுதறது எச் ஓ எக்ஸ் என் இ, சொல்றது ஹாக்ஸன். அங்க போய்ப் பார்க்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, வயலும் வேலியும் மழை மேகமும்தான், ஆனா இந்தப் பொழுதுபோக்குல இருக்கற யாருக்கும் அந்த ஊர் பேரைச் சொன்னா மனசு ஒரு மாதிரி ஆகும்.

1992 நவம்பர் 16. ஒரு விவசாயி வயல்ல சுத்தியலைத் தொலைச்சுட்டாரு, தேடித் தரச் சொல்லி எரிக் லாஸ்ங்கற நண்பரைக் கேட்டாரு, எரிக் லாஸ் ரிட்டயர் ஆனவர், டிடெக்டரை எடுத்துக்கிட்டுப் போனாரு. சுத்தியலுக்குப் பதிலா வெள்ளிக் கரண்டி, தங்கச் சங்கிலி, காசு காசா வந்துக்கிட்டே இருந்துச்சு. கொஞ்சம் எடுத்தாரு. அப்புறம் நிறுத்திட்டாரு. மேல தோண்டாம அப்படியே விட்டுட்டு தகவல் சொல்லிட்டாரு, மறுநாளே தொல்லியல் ஆளுங்க வந்து ஒழுங்கா எடுத்தாங்க. 15,000 ரோமானியக் காசுக்குப் பக்கம், 200 தங்க வெள்ளிப் பொருள். அவர் நிறுத்துனதாலதான் ஓக் மரப் பெட்டிக்குள்ள எது எதோட சேர்த்து வெச்சிருந்தாங்க, உள்ள சின்னப் பெட்டிங்க எங்க இருந்துச்சுன்னு வரைக்கும் சொல்ல முடிஞ்சுது. 17.5 லட்சம் பவுண்டு சன்மானம் கிடைச்சுது, அந்த விவசாயியோட பங்கு போட்டுக்கிட்டாரு. சுத்தியலும் கிடைச்சுது, அதுவும் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு.

அந்தப் புதையல்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது மிளகு டப்பாங்க. நாலு இருக்கு, அதுல ஒண்ணு ஒரு சீமாட்டியோட சிலை மாதிரி, ஒரு சாண் கூட இல்ல, வெள்ளியில செஞ்சு அங்கங்க தங்கம் பூசுனது, அடியில ஒரு வட்டைத் திருப்பினா மூடிக்கும், இன்னும் கொஞ்சம் திருப்பினா மிளகு தூவலாம், இன்னும் திருப்பினா உள்ள ரொப்பலாம். மிளகு இங்க விளையாது. நம்ம பக்கத்து மலையில இருந்து கப்பல்ல போனதுதான். நான் கரூர்க்காரன், சேரரோட வஞ்சின்னு சொல்ற ஊர், பொன்னோட வந்து மிளகோட திரும்பிப் போன யவனக் கப்பலைப் பத்தி ஸ்கூல்ல படிச்சவன், சஃபோக்ல ஒரு வேலியோரம் நின்னுக்கிட்டு அந்த டப்பாவை நினைச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, மாப்ள பார்க்கக் கூடாதுன்னு காருக்குப் போயிட்டேன்.

சாயங்காலம் ராலி இடத்துக்கு வந்தோம். ஊர் பேர் எழுதல, எழுத வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, ஏன்னா நல்ல வயல்னு தெரிஞ்சா ராத்திரியில திருட்டுத்தனமா டிடெக்டரோட வந்துடறாங்க, அவங்களுக்கு இங்க நைட்ஹாக்னு பேர். ஏறக்குறைய 400 பேர் வந்திருக்காங்க. கேட்ல பேரைச் சரிபார்த்து, இன்ஷூரன்ஸ் கார்டு பார்த்து, கையில பட்டை கட்டி, வயல் மேப் ஒண்ணு குடுத்தாங்க. ரூல்ஸ் நிறைய. தோண்டுன குழியை மூடணும். உழவு ஆழத்துக்குக் கீழ முழுசா ஏதாவது தெரிஞ்சா கை வைக்காம கூப்பிடணும். ரெண்டாம் உலகப் போர்ல இந்தப் பக்கம் விமானத் தளங்க நிறைய, அதனால குண்டு மாதிரி தெரிஞ்சா கொடி நட்டுட்டு தள்ளிப் போயிடணும்.

சட்டமும் மாப்ளைக்கு விளக்குனேன். 1996 புதையல் சட்டப்படி 300 வருஷத்துக்கு மேல பழசா இருந்து பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ இருந்தா அது புதையல், தனிக் காசு ஒண்ணு மட்டும்னா கணக்குல வராது, ஒரே இடத்துல ரெண்டு தங்க வெள்ளிக் காசு கிடைச்சா வரும், 14 நாளைக்குள்ள தெரியப்படுத்தணும், மியூசியம் எடுத்துக்கிட்டா கண்டுபிடிச்சவருக்கும் நிலத்துக்காரருக்கும் விலையைப் பிரிச்சுக் குடுப்பாங்க. "நம்ம ஊர்ல என்ன சட்டம் மாமா?"ன்னான். 1878-ல வெள்ளைக்காரன் போட்டது இன்னும் இருக்கு, பத்து ரூபாய்க்கு மேல பெறுமானம் உள்ள எது மண்ணுல கிடைச்சாலும் கலெக்டருக்குச் சொல்லணும். "யாராவது சொல்றாங்களா?" பதில் சொல்லாம புளிசோத்தைப் பிரிச்சேன்.

சனி, ராத்திரி 11 மணி, கை கால் எல்லாம் வலி

ஒன்பது மணிக்கு ஹாரன் அடிச்சாங்க, 400 பேரும் ஒரே வரிசையா வயலுக்குள்ள இறங்குறதைப் பார்க்க நடவுக்கு ஆள் இறங்குற மாதிரியே இருந்துச்சு. பார்லி அறுத்த வயல், தாள் கணுக்கால் உயரத்துக்கு நிக்குது, காயிலை, அதாவது டிடெக்டரோட அடியில இருக்கற வட்டத் தட்டை, தரையை ஒட்டிக் கொண்டு போக முடியல, தாள்ல உரசி உரசி கிரீச் கிரீச்னு சத்தம். பத்து மணிக்கே நாங்க ரெண்டு பேரும் பக்கத்து வயலுக்கு மாறிட்டோம், அது உழுது உருளை ஓட்டி தட்டையா வெச்சிருந்தாங்க, காயில் வழுக்கிக்கிட்டுப் போச்சு.

மாப்ளைக்கு மெஷின் புதுசு, அதனால முதல் அரை மணி நேரம் அவன் பக்கத்துலயே நின்னேன். வட்டக் காயிலுக்குள்ள கரண்ட் மாறி மாறி ஓடும், அதால மண்ணுக்குள்ள காந்தப் புலம் இறங்கும், அங்க உலோகம் இருந்தா அதுக்குள்ள சுழல் மின்னோட்டம் கிளம்பி திருப்பி ஒரு புலத்தை அனுப்பும், அதை இன்னொரு சுருள் பிடிச்சு, அது எவ்வளவு பிந்தி வருதுங்கறதை வெச்சு மெஷின் ஒரு நம்பர் காட்டும். எங்களது மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800. மைனஸ்ல காட்டுனா இரும்பு. 12, 13-னு காட்டுனா கூல் டிரிங்க்ஸ் டின்னோட இழுப்பு வளையமாவும் இருக்கலாம், 700 வருஷத்து வெள்ளிக்காசாவும் இருக்கலாம், தோண்டாம தெரியாது. கையை மெதுவா வீசணும், ஒரு வீச்சும் அடுத்த வீச்சும் பாதி மேல பாதி விழணும், நெல் வயலுக்கு உரம் விசிறுறவங்க கையைப் பார்த்திருந்தா அந்தத் தாளம் சட்டுனு பிடிபட்டுடும், மாப்ள தோட்டத்துல வளர்ந்த பையன், பத்து நிமிஷத்துல பிடிச்சுட்டான்.

மத்தியானம் வரைக்கும் எனக்கு வந்தது: துப்பாக்கித் தோட்டாவோட பித்தளை அடி ஒன்பது, உழவுல சிக்கி நார் நாரா கிழிஞ்ச அலுமினிய டின் ஒரு பை நிறைய, கோட் பட்டன் நாலு, ஈயக் குண்டு ரெண்டு, ராஜா முகமே தெரியாம தேஞ்ச ஜார்ஜ் காலத்துச் செப்புக் காசு ஒண்ணு. வடக்கு மூலையில இன்னும் மோசம், அங்க குப்பையில இருந்து செய்யற கம்போஸ்ட்டைக் கொட்டியிருக்காங்க, அதுல அலுமினியத் தாள், பேட்டரித் துணுக்கு எல்லாம் அரைபட்டுக் கலந்து கிடக்கு, மூணு அடிக்கு ஒரு சிக்னல். அந்த மண்ணு இனி எந்தக் காலத்துலயும் சுத்தமாகாது, அதுல விளையற பார்லியைத்தான் மனுஷன் சாப்பிடணும், நினைச்சாலே வயிறு எரியுது.

மூணு மணி வாக்குல ஒரு மெல்லிய சிக்னல். மண்ணைக் கிளறுனா சுண்டு விரல் நகம் அளவு பச்சை வட்டம். ரோமானியக் காசு! ரெண்டு சிப்பாய், நடுவுல கொடிக்கம்பம், 330-களோட கான்ஸ்டன்டைன் குடும்பத்துக் காசு, நூத்துக்கணக்குல படத்துல பார்த்த அச்சு, என் கையால எடுத்தது இதுதான் முதல் தடவை. கத்திட்டேன். மாப்ள ஓடி வந்தான், பக்கத்துல தேடிக்கிட்டு இருந்த ரெண்டு பேர் வந்து கை குலுக்குனாங்க, ஃபோட்டோ எடுத்தோம், அந்த சந்தோஷத்துல காசைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு அப்படியே பேசிக்கிட்டே டீ குடிக்க நடந்துட்டேன். டீ கடைகிட்ட வந்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. இடம் குறிக்கல. ஃபோட்டோவுலயும் லொகேஷன் ஆஃப்ல இருக்கு. திரும்பி ஓடுனேன், குழியை நல்லா மூடியிருந்ததால எதுன்னே கண்டுபிடிக்க முடியல, அந்த வயல் ஏழெட்டு ஏக்கர் இருக்கும், என் காலடித் தடத்தோட இன்னும் நூறு பேரோட தடம். வியாழக்கிழமை அந்தப் பையன்கிட்ட ஆணிக் கதையைச் சொன்னவன் நான். ரொம்ப நேரம் அந்த வயல்லயே நின்னேன்.

ராத்திரி நெருப்பு மூட்டி சுத்தி உக்காந்தப்ப பக்கத்து டென்ட்ல இருக்கற பெரியவர் ஒருத்தர் பேசுனாரு, எழுபதுகள்ல இருந்து டிடெக்டர் பிடிக்கறவர். அந்தக் காலத்துல தொல்லியல்காரங்களும் இவங்களும் கீரியும் பாம்பும்தானாம். 1980-ல 'எங்க கடந்த காலத்தை எடுக்காதே'ன்னு ஒரு பெரிய பிரச்சாரமே நடந்திருக்கு. அப்புறம் சர்ரேயில வான்பரோங்கற இடத்துல ஒரு ரோமானியக் கோயில், 1983-லேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள ஆயிரக்கணக்குல காசைக் கொள்ளையடிச்சுட்டுப் போயிட்டாங்க, பழைய சட்டத்துல அவங்களை ஒழுங்கா தண்டிக்க வழியில்ல, அதுல இருந்துதான் புதுச் சட்டத்துக்கான வேலையே சூடு பிடிச்சிருக்கு. சொல்றப்ப அவர் குரல் தழுதழுத்துச்சு, அந்த ஆளுங்களால எங்க எல்லாருக்கும் கெட்ட பேருன்னாரு.

அவரேதான் ரெண்டல்ஷமைப் பத்தியும் சொன்னாரு, சட்டன் ஹூல இருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். அங்க நிலத்துக்காரர் நைட்ஹாக் தொல்லை தாங்காம 2008-ல கவுன்டி தொல்லியல் துறைகிட்ட சொன்னாரு, அவங்க நாலே நாலு டிடெக்டர்காரங்களை, சம்பளம் இல்லாத ஆர்வலருங்களைத்தான், வயல் வயலா வருஷக்கணக்குல தேட விட்டாங்க, கிடைச்ச ஒவ்வொரு துணுக்கையும் ஜிபிஎஸ்ல புள்ளி வெச்சாங்க. அந்தப் புள்ளிங்க சேர்ந்துதான் 50 ஹெக்டேர்ல ஒரு அரச ஊரே வெளிய வந்துச்சு, 2022-ல அரண்மனை மண்டபத்தோட அடித்தளமும் கிடைச்சுது, 23 மீட்டர் நீளம். சட்டன் ஹூவுல புதைஞ்ச ராஜாக்கள் உயிரோட இருந்தப்ப வாழ்ந்த இடம் இதுன்னு சொல்றாங்க. மாப்ள என் பக்கம் திரும்பி மெதுவா, "நாலு பேர் பொறுமையா செஞ்சது மாமா, இங்க 400 பேர் ரெண்டு நாள்ல அள்ளறோம்"னான். எனக்கும் அதேதான் ஓடுச்சு.

ஞாயிறு, ராத்திரி 8 மணி

காலைல முதல் வேலையா ஃபோன்ல லொகேஷனை ஆன் பண்ணேன், சின்ன ஜிப் கவர் ஒரு கட்டு, மார்க்கர் பேனா, ரெண்டு பேர் பாக்கெட்லயும் வெச்சாச்சு. ராத்திரி மழை பெஞ்சு மண்ணு பதமா இருந்துச்சு, ஈர மண்ணுல சிக்னல் நல்லா வரும்.

11:20. நம்பர் 9, 10, 9-னு தாவுது, சத்தம் சின்னது ஆனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. அஞ்சு இன்ச் ஆழத்துல ஒரு கட்டி மண்ணு, பின்பாயின்டரை, அதாவது கையில பிடிக்கற சின்ன டிடெக்டரை வெச்சா கட்டிக்குள்ளதான் கத்துது. கட்டியை ரெண்டு கையிலயும் பிடிச்சு மெதுவா பிளந்தேன். உள்ள அரை நிலா. சாம்பல் நிறத்துல, ஏகாதசி விரதம் மாதிரி மெலிஞ்சு போன வெள்ளி, ஒரு பக்கம் வளைவு, ஒரு பக்கம் நேர்க்கோடு. உடைஞ்சது இல்ல, வெட்டுனது, கத்தரியோ உளியோ பட்ட வெட்டு விளிம்பு தெளிவா தெரியுது. தேய்க்கல. மண்ணுல இருக்கற பொடி மணல் வெள்ளியைக் கீறிடும், அதனால தண்ணி மட்டும் ரெண்டு சொட்டு விட்டேன். இரட்டைக் கோடு போட்ட சிலுவையோட ஒரு கை, மூலையில மூணு மூணு புள்ளி, ஓரத்துல எழுத்து. முதல்ல இடத்தைக் குறிச்சேன், மேப்ல இடத்தைச் சொல்ற பத்து இலக்க கிரிட் நம்பர், ஒரு மீட்டர் சதுரத்துக்குள்ள. கவர்ல எழுதி, உள்ள போட்டு, மூடுனதுக்கு அப்புறம்தான் மாப்ளையைக் கூப்பிட்டேன்.

ரெண்டு மணிக்கு பதிவு டென்ட்டுக்குப் போனோம். இதுதான் இந்தப் பயணத்துலயே நான் ரொம்ப எழுத ஆசைப்படற இடம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஃபைண்ட்ஸ் லையசன் ஆபீசர்னு ஒருத்தர் இருப்பாங்க, எஃப்எல்ஓன்னு சொல்வோம், 1997-ல சில வட்டாரத்துல மட்டும் சோதனையா ஆரம்பிச்சு 2003-ல இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க வந்த திட்டம், பிரிட்டிஷ் மியூசியம் பார்த்துக்குது. பொதுமக்கள் கண்டெடுத்த பொருள் 15 லட்சத்துக்கு மேல அந்தப் பதிவேட்டுல ஏறியிருக்கு, யார் வேணும்னாலும் இலவசமா பார்க்கலாம், துல்லியமான இடம் மட்டும் பொதுவுல காட்ட மாட்டாங்க. பெரும்பாலும் பொருளைத் திருப்பிக் குடுத்துடுவாங்க. அவங்களுக்கு வேண்டியது தகவல்தான்.

ஒரு மேஜை, ரெண்டு பேர், லேப்டாப், தராசு, அளவுகோல், லைட். வரிசையில ஒண்ணே முக்கால் மணி நேரம் நின்னோம். எங்களுக்கு முன்னாடி நின்ன ஒருத்தர் பத்து நிமிஷம் நின்னுட்டு, என் காசு என்கிட்டதானே இருக்கு, இதுக்கு எதுக்கு கால் கடுக்க நிக்கணும்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு, அவர் டப்பாவுல நான் பார்த்தவரைக்கும் வெள்ளிக்காசு மூணு, ஒரு உடைஞ்ச ப்ரோச். தடுக்க யாராலயும் முடியாது, புதையல் கணக்குல வராத பொருளைப் பதியறது அவங்கவங்க விருப்பம்தான். ஆனா இதை நான் மனசார சொல்றேன், 400 டிக்கெட் வித்துட்டு ரெண்டு பேரை மட்டும் மேஜையில உக்கார வெக்கறது தப்பு. எத்தனை பேரோட பொருளைப் பதிய முடியுமோ அத்தனை பேருக்குத்தான் டிக்கெட் குடுக்கணும், நூறு பேர்னா நூறு, டிக்கெட் விலையை ஏத்துனாலும் பரவால்ல, நான் குடுப்பேன்.

ஆபீசரம்மா சின்னப் பொண்ணு, முப்பது வயசு இருக்கும், காலைல இருந்து எழுந்திரிக்கலன்னு பார்த்தாலே தெரியுது, ஆனாலும் அந்த அரைக் காசை லைட்டுக்குக் கீழ வெச்சதும் முகம் மலர்ந்துடுச்சு. மூணாம் ஹென்றி காலத்துப் பென்னி. 1247-க்கு முன்னாடி சிலுவை காசோட விளிம்பு வரைக்கும் வராது, அதனால ஓரத்தைச் சுரண்டிச் சுரண்டி வெள்ளியைத் திருடுவாங்களாம், அதைத் தடுக்க சிலுவையை விளிம்பு வரைக்கும் நீட்டி புதுசா அடிச்சாங்க. அரைப் பென்னி தேவைன்னா அந்தச் சிலுவைக் கோட்டு மேலயே வெட்டிக்க வேண்டியதுதான், பாதி அரைப் பென்னி, கால்வாசி கால் பென்னி. வட்டமாவே அரைப் பென்னி தாராளமா புழக்கத்துக்கு வந்தது 1280 வாக்குலதான். என்னது 0.6 கிராம்.

அப்புறம் எழுத்தைப் படிச்சாங்க. சிலுவை எழுத்தையும் நாலு கட்டமா பிரிக்கும். என் பாதியில ரெண்டு கட்டம், ஒண்ணுல 'நிக்', அடுத்ததுல 'ஓலே'. நிக்கோலே. காசு அடிச்ச ஆளோட பேராம். எந்த ஊர்ல அடிச்சதுன்னு கேட்டேன். "ஊர் பேர் மத்த ரெண்டு கட்டத்துல இருந்திருக்கும், அந்தப் பாதி வேற யாரோ எடுத்துக்கிட்டாங்க"ன்னாங்க. நிக்கோலேங்கற பேர்ல லண்டன்லயும் அடிச்சிருக்காங்க, கேன்டர்பரியிலயும் அடிச்சிருக்காங்க, அதனால எதுன்னு சொல்ல முடியாது. பேர் இருக்கு, ஊர் இல்ல. அதுக்குப் பக்கத்துலயே என் கவர்ல இருந்த பத்து இலக்கத்தை அவங்க ஒவ்வொண்ணா டைப் பண்ணாங்க.

ரோமானியக் காசையும் குடுத்தேன். "எங்க கிடைச்சது?"ன்னு கேட்டப்ப தலை குனிஞ்சுக்கிட்டு உள்ளதைச் சொன்னேன். திட்டல. மேப்ல அந்த வயலோட நடுவைத் தொட்டு ஆறு இலக்கம் மட்டும் எழுதுனாங்க, நூறு மீட்டர் சதுரம். நாலாம் அஞ்சாம் நூற்றாண்டு ரோமானியச் சின்னச் செப்புக் காசுங்க எங்க பக்கம் மதுரையிலயும் இலங்கையிலயும் நிறைய கிடைச்சிருக்குன்னு சொன்னேன், பேனாவைக் கீழ வெச்சுட்டு ஆர்வமா கேட்டாங்க. "உங்க ஊர்ல இதை எல்லாம் யார் பதிவு பண்றாங்க?"ன்னு கேட்டாங்க.

என்ன சொல்றது. 1898-ல புதுக்கோட்டை சீமையில ஒரு புதையல், 501 ரோமானியத் தங்கக் காசு, பெரும்பாலானதுல ராஜா முகத்து மேல உளியால வெட்டி வெச்சிருக்கு, அது அப்பவே பதிவாயிடுச்சு, இன்னைக்கும் அதை வெச்சு ஆராய்ச்சி பண்றாங்க. ஆனா எங்க கரூர் அமராவதி ஆத்துல கிடைச்சது? மாக்கோதைன்னு பேர் பொறிச்ச சேரன் வெள்ளிக்காசு அங்க இருந்து வந்ததுதான், உலகத்துக்கே தெரியும், ஆனா அதெல்லாம் ஆத்து மணலைச் சலிச்சவங்க கையில இருந்து வியாபாரி கைக்குப் போய், சேகரிக்கறவங்க கைக்குப் போனதுக்கு அப்புறம் தெரிஞ்சது. எந்தத் திட்டு, எந்த ஆழம், பக்கத்துல என்ன கிடந்துச்சு? சின்னப் பையனா நானே பார்த்திருக்கேன், கோடையில வலையைக் கட்டி மணல் சலிச்சுக்கிட்டு இருப்பாங்க, பச்சைக் காசெல்லாம் எடைக்குப் போயிடும். அதை அப்படியே சொன்னேன்.

திங்கள், சாயங்காலம், வீட்டுல

மத்தியானம் இல்ஃபோர்டு வந்து சேர்ந்தோம். கிளம்பறப்ப வயலை ஒரு சுத்து நடந்தோம், மூடாம விட்ட குழி பதினேழு, மாப்ளையும் நானும் மூடுனோம், இந்த வயல்ல அடுத்த வாரம் கோதுமை விதைக்கணும், யாரோ ஒருத்தரோட டிராக்டர் சக்கரம் இறங்கும்.

குளிச்சு முடிச்சதும் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அப்பிச்சிகிட்ட, அம்மாவோட அப்பாகிட்ட, ஒரு செப்புக் காசு இருந்துச்சு, சதுரமா, கட்டை விரல் நகம் அளவு, ஒரு பக்கம் யானை, மறு பக்கம் வில்லும் அம்பும், வெத்தலைப் பெட்டியில சுண்ணாம்பு டப்பாவோட கிடக்கும், நான் அதை வெச்சு விளையாடியிருக்கேன். அப்பிச்சி போனதுக்கு அப்புறம் எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியல.

"அம்மா, அந்த யானைக்காசு அப்பிச்சிக்கு எங்க கிடைச்சுது?"

"ஏஞ்சாமி, அது இப்ப எதுக்கு உனக்கு?"

"சும்மா சொல்லும்மா."

"ஆத்துலதான் கண்ணு."

"ஆத்துல எங்க?"

கொஞ்ச நேரம் சத்தமில்ல, நான் கட் ஆயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம் அம்மா ஒவ்வொண்ணா சொன்னாங்க. பசுபதிபாளையத்துப் பக்கத்துக் கரை. சித்திரை மாசம், தண்ணி வத்தி நடு ஆத்துல மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்பிச்சி எருமையைக் குளிப்பாட்ட ஓட்டிட்டுப் போனாரு, அம்மாவும் கூடப் போனாங்க, அப்ப அம்மாவுக்கு எட்டு வயசு. கரையில ஒரு பாறை, துணி துவைக்கறது, அதுக்குக் கீழ்ப்பக்கமா பத்துப் பதினஞ்சு எட்டு தள்ளி எருமை கால் வெச்ச குழியில காசு பளபளன்னு இல்ல, பச்சையா தெரிஞ்சுதாம். முதல்ல பார்த்தது அம்மாவாம், எனக்கு இத்தனை வருஷமா தெரியாது.

ஜிப் கவர் கட்டுல ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. உள்ள வைக்க காசு இல்ல. மார்க்கரை எடுத்து, அம்மா சொல்லச் சொல்ல கவர் மேலயே எழுதிக்கிட்டேன், பசுபதிபாளையம் கரை, துவைக்கற பாறைக்குக் கீழ பத்துப் பதினஞ்சு எட்டு, சித்திரை. "பாறை இன்னும் இருக்காம்மா?"ன்னு கேட்டேன். நாளைக்குக் காலைல நடந்து போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்னாங்க.